கடதாசி இலக்குக்குப் பிறந்த சன்னம்

துப்பாக்கி வெடிக்கும் ஓசையை எம்மவர்க்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஆயுதத்தின் வரலாற்றை நம்மிற் பலர் அறியார். அமெரிக்காவில் இரவு நேரக் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் பணிபுரியும் நம் இளைஞர் சிலர், தற்காப்புக்கென ஒரு கைத்துப்பாக்கியை வாங்கி வைத்தாற் போதும் என்று எண்ணுவதுண்டு. வாங்குவது ஒருநாள் வேலை. பழகுவது ஆண்டுக்கணக்கான வேலை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அமெரிக்கப் பொலிசார் பெரும் விலை கொடுத்தே அறிந்தனர். ‘வாட்கட்டர்’ எனப்படும் சிறியதோர் ஈயச் சன்னத்தின் வரலாறு அதனை நமக்கு எடுத்துக் காட்டுகின்றது.

பிலிப்பைன்சில் எழுந்த வினா

1892 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை .38 லோங் கோல்ட் என்னும் தோட்டாவைச் சுடும் றிவோல்வரை, அதாவது சுழல் கைத்துப்பாக்கியை, ஏற்றுக்கொண்டது. 1899 இல் பிலிப்பைன்ஸ் தீவுகளிற் போர் மூண்டது. தம் மண்ணிற் புகுந்த படையை எதிர்த்த மோரோ வீரர்கள், இத்தோட்டா பலமுறை பட்ட பின்னரும் வாளேந்தி முன்னேறி வந்தனர் எனப் படையினர் முறையிட்டனர்.

இம்முறைப்பாட்டை ஆராயும் பொருட்டு, 1904 இல் தொம்சன், லாகார்ட் என்னும் இரு படை அதிகாரிகள் வெவ்வேறு சன்னங்களைப் பரிசோதித்தனர். சிக்காகோ நகரின் இறைச்சிக் கால்நடைத் தொழுவங்கள் அவர்தம் பரிசோதனைக் களமாயின. .45 அங்குலத்துக்குக் குறையாத விட்டமுள்ள சன்னமே படைக்கு உகந்தது என அவர்கள் முடிவு செய்தனர். 1911 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட கோல்ட் கைத்துப்பாக்கி இம்முடிவின் வழிவந்ததாகும்.

ஆனால் அவ்வறிக்கையில் இன்னொரு கருத்தும் இருந்தது. உடலின் பெரும்பகுதியில் எந்தச் சன்னம் பட்டாலும் எதிரி உடனே வீழ்வான் என்ற உறுதி இல்லை. ஆதலாற் படைவீரர் குறி தவறாது சுடுவதில் ஓயாது பயிற்றப்படல் வேண்டும் என்பதே அது. முதற் கருத்து எல்லோர்க்கும் நினைவில் நின்றது. இரண்டாவது கருத்தோ எளிதில் மறக்கப்பட்டது.

வட்டமாக வெட்டும் முனை

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் .38 ஸ்பெஷல் என்னும் தோட்டாவை உருவாக்கியது. பின்வந்த பல தசாப்தங்களாக அமெரிக்கப் பொலிசார் பெரும்பாலும் இதனையே பயன்படுத்தினர். இதன் வழமையான சன்னம் 158 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 10 கிராம் நிறையும், உருண்டை முனையும் கொண்டது.

குறிசுடும் போட்டியாளருக்கு இவ்வுருண்டை முனை ஓர் இடர்ப்பாடாயிற்று. அது கடதாசியைக் கிழித்துக்கொண்டு செல்லும். துளையின் விளிம்பு பிசிறாக நிற்கும். துளை வட்டக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதிற் புள்ளி தங்கியிருக்கும்போது, பிசிறு வாக்குவாதத்தையே வளர்க்கும். இதற்குத் தீர்வாக 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தட்டை முனைச் சன்னம் வழக்குக்கு வந்தது. உருளை வடிவான ஒரு சிறு ஈயக்குற்றி போன்றது அது. அலுவலகத்திற் கடதாசிக்குத் துளையிடும் கருவியைப் போல, வட்டமாக வெட்டிச் செல்லும். வட்டத் துண்டை வெட்டுவது என்பதே வாட்கட்டர் என்னும் பெயரின் பொருளாகும்.

போட்டிக்கான .38 வாட்கட்டரின் நிறை 148 கிரெய்ன், ஏறத்தாழ 9.6 கிராம். சன்னம் தோட்டாக் கூட்டினுள் அமிழ்ந்து, கூட்டின் வாயோடு சமமாக நிற்கும். வெடிமருந்து மிகச் சிறிதளவே இடப்படும். வேகம் வினாடிக்கு 215 மீற்றர் அளவினது. சன்னம் எவ்வளவு உந்தத்தோடு முன்னே செல்கின்றதோ, அதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கும் என்பது நாம் பள்ளியிற் படித்த நியூட்டனின் விதி. இச்சன்னத்தின் உந்தம் குறைவாதலாற் கையில் விழும் உதைப்பும் மெல்லியதாயிற்று, ஓசையும் தணிந்தது. கை நடுங்காமல், கண்ணை இறுக மூடாமல் சுடக் கற்பதற்கு இதனினும் நல்ல தோட்டா இல்லை எனப் பயிற்றுநர் கண்டனர். பல பொலிஸ் திணைக்களங்கள் வெற்றுக் கூடுகளை மீண்டும் நிரப்பிச் சிக்கனமாகப் பயிற்சி நடத்தின.

நியூஹோலில் ஓர் இரவு

1935 இல் .357 மாக்னம் என்னும் வலிய தோட்டா வெளிவந்தது. இதன் கூடு .38 ஸ்பெஷலின் கூட்டைவிட 3.4 மில்லிமீற்றர் நீளமானது. குழலின் விட்டமோ ஒன்றே. ஆகவே மாக்னம் றிவோல்வரில் .38 தோட்டாவையும் இட்டுச் சுடலாம். இந்த வசதி கேட்டுக்கும் வழிவகுத்தது. பொலிசார் சிலர் பணியின்போது மாக்னம் தோட்டாவை ஏந்திச் சென்றனர். பயிற்சிக் களத்தில் மெல்லிய.38 தோட்டாவையே சுட்டனர். மாக்னம் சன்னத்தின் உந்தம் வாட்கட்டரினதைப் போல ஏறத்தாழ இரு மடங்காகும். பழகிய உதைப்பு ஒன்று, ஆபத்து வேளையிற் கைக்குக் கிட்டிய உதைப்பு வேறொன்று.

1970 ஏப்ரல் 5 ஆம் திகதி நள்ளிரவை அண்மித்த வேளையில், கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலுள்ள நியூஹோலில், நெடுஞ்சாலைப் பொலிசார் இருவர் ஒரு காரை மறித்தனர். காரிலிருந்த இரு குற்றவாளிகள் அவ்விருவரையும், உதவிக்கு வந்த வேறிருவரையும் சுட்டுக் கொன்றனர். ஐந்து நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாண்ட நால்வரும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இளைஞர். இரண்டாண்டுச் சேவையும் நிறையாதவர். நான்கு பெண்கள் விதவைகளாயினர். ஏழு பிள்ளைகள் தந்தையரை இழந்தனர்.

இத்துயருக்குக் காரணங்கள் பல. காரை அணுகிய முறை, அனுபவக் குறைவு, எதிரிகளின் ஆயுத மிகுதி என்பன அவற்றுட் சில. பயிற்சிக்கும் பணிக்கும் வெவ்வேறு தோட்டாக்கள் பயன்பட்ட குறையும் அவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டது. பின்னர் அத்திணைக்களம் தன் பயிற்சி முறையை மாற்றியது. பணியில் ஏந்தும் தோட்டாவுக்கு நிகரான வலுவுள்ள தோட்டாவையே பயிற்சியிலும் சுடவேண்டும் என்ற நெறி பரவலாயிற்று. ஆறு தோட்டாக்களை ஒருசேர நிரப்பும் கருவியும் வழக்குக்கு வந்தது.

அந்த இரவைப் பற்றி நெடுங்காலம் ஒரு கதை சொல்லப்பட்டது. மாண்டவருள் ஒருவர், பயிற்சிக் களத்திற் பழகியவாறே, சண்டையின் நடுவிலும் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் இட்டார் என்பது அக்கதை. பிற்கால ஆய்வாளர் சான்றுகளை மீளப் பார்த்தபோது, கூடுகள் தரையிலேயே கிடந்தமை தெரியவந்தது. ஒரு நல்ல பாடத்தைப் புகட்டுகின்றது என்பதனால் ஒரு கதை உண்மையாகிவிடாது. இறந்தோர்க்கு நாம் செய்யும் முதல் மரியாதை நடந்ததை நடந்தவாறு சொல்வதே. பழக்கமே ஆபத்தில் முன்வந்து நிற்கும் என்ற பாடத்துக்கு, அக்கதையின் துணை தேவையுமில்லை.

மெல்லிய தோட்டாவின் மீள்வருகை

இவ்வளவுக்கும் வாட்கட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. 425 கிராம் அளவே நிறையுள்ள, குறுங்குழல் கொண்ட றிவோல்வர்கள் இன்று பலரிடம் உள்ளன. அத்தகைய இலகுவான ஆயுதத்தில் வலிய தோட்டாவைச் சுட்டால் உதைப்பு மிகும். மூட்டுவாதம் கொண்ட முதியவர் ஒருமுறை சுட்ட பின் மறுமுறை பயிற்சிக் களத்தை நாடமாட்டார். ஆகவே பயிற்றுநர் சிலர், அத்தகையோர் தற்காப்புக்கும் வாட்கட்டரையே வைத்துக்கொள்ளலாம் என அறிவுறுத்துகின்றனர். தட்டை முனை முழு விட்டத்துக்கும் வெட்டிச் செல்லும். குறுங்குழலிலிருந்து சென்றாலும் போதிய ஆழம் புகும். குறைகளும் உண்டு. முனை கூராக இல்லாமையால், அவசரத்திற் சுழலுருளையின் துளைகளுள் தோட்டாவை இடுவது கடினம். நெடுந்தூரத்தில் துல்லியமும் குன்றும்.

நியூஹோலிலும் இங்கும் பேசப்படுவது மெல்லிய .38 தோட்டாவே. பழகும் தோட்டா ஒன்றாகவும் ஏந்தும் தோட்டா வேறாகவும் இருந்தபோது கேடு நேர்ந்தது. இரண்டும் ஒன்றாயின், மெல்லிய தோட்டாவும் பயன் தரும். 1904 ஆம் ஆண்டின் அறிக்கையில் மறக்கப்பட்ட அந்த இரண்டாவது கருத்தே இங்கு மீண்டும் உறுதியாகின்றது.

நம் குடும்பங்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க முடிவு யாது? சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். கனடாவிற் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் 2022 ஒக்டோபரில் முடக்கப்பட்டன. அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. சட்டம் இடந்தரும் இடத்தில் வாழ்வோர், பணத்தை எண்ணுமுன் பயிற்சிக்குச் செலவிடக்கூடிய நாட்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முழுநேரப் பணியாகப் பயின்ற நால்வரை ஓர் இரவு கொண்டுபோயிற்று. பயிலாத கையில் உள்ள துப்பாக்கி காவலாகாது. பூட்டப்படாத மேசை லாச்சியில் உள்ள துப்பாக்கியோ, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கே முதல் ஆபத்து. போரிலிருந்து காத்துக் கொண்டுவந்த பிள்ளைகள் அவர்கள் என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.