சந்தை தந்ததா, சட்டம் தந்ததா?

வீட்டு விலை ஏறுகிறது; வீட்டு விலை இறங்குகிறது. ஏன் ஏறிற்று, ஏன் இறங்கிற்று என்று கேட்டால், "சந்தை நிலவரம்" என்று இரண்டே சொற்களில் விடையளித்து விடுகின்றனர். மழை பொழிவதும் வெயில் காய்வதும் போலச் சந்தையும் தானே நடப்பது. அதை நடத்துவார் எவருமிலர். அதனைக் குறை கூறுவது காற்றைக் குறை கூறுவதற்கு ஒப்பாகும் என்பது அவர்தம் எண்ணம். பொருளியல் ஏடுகள் சில இதனையே பெரிய பெரிய சொற்களில் பேசுகின்றன. சொல் சிறிதாயினும் பெரிதாயினும் பொருள் ஒன்றே — எவரும் பொறுப்பில்லை!

உண்மைதானா? எவரும் பொறுப்பில்லையா? ஒரு நகரத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

அமெரிக்க நாட்டில், மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவை ஒட்டி அமைந்த துறைமுகப் பட்டினம் பால்டிமோர். நியூயார்க்கு போன்ற பெருநகரமன்று, சிற்றூருமன்று, சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் 28 இலட்சம் மக்கள் வாழும் நடுத்தர மாநகரம். அந்நகரின் அடையாளம் வரிசை வீடுகள். செங்கல்லால் கட்டப்பட்டு, பொதுச் சுவரால் ஒன்றோடொன்று ஒட்டி, தெருமுனை வரை தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வீடுகள். பல வீடுகளின் வாயிலில் வெண்சலவைக்கல் படிகள். செங்கல்லும் ஒன்று, படிக்கல்லும் ஒன்று, கட்டிய கொத்தரும் ஒரே வகையினர். ஆயினும், ஒரு தெருவில் அவ்வீட்டை வாங்கப் பல இலட்சம் டாலர் வேண்டும். சில தெருக்கள் தள்ளி, அதே போன்ற வீடு கூரை சரிந்து, பலகணிகளில் பலகை அறையப்பட்டு, கேட்பாரற்றுக் கிடக்கும். 2010ஐ அடுத்த ஆண்டுகளில் அவ்வாறு பாழ்பட்டு நின்றவை ஏறத்தாழ 16,000 வீடுகள்! 1950இல் 9,49,708 பேர் வாழ்ந்த நகரில், 2020இல் எண்ணியபோது இருந்தோர் 5,85,708 பேர்.

கல் ஒன்று, கட்டடம் ஒன்று. விலை மட்டும் ஏன் வேறு? சந்தையைக் கேட்டால் வாய் திறவாது. ஆவணங்களைக் கேட்போம், அவை பேசும்.

1910ஆம் ஆண்டு. மெக்கல்லோ தெருவில் 1834 என்ற எண்ணுள்ள வீடு விலைக்கு வந்தது. ஆஷ்பி ஹாக்கின்ஸ் என்னும் கறுப்பின வழக்கறிஞர் அதை வாங்கினார். அவருடைய தொழிற் கூட்டாளியும் உறவினருமான ஜார்ஜ் மெக்மெச்சன், குடும்பத்தோடு அங்குக் குடியேறினார். மெக்மெச்சன் மார்கன் கல்லூரியில் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்றவர். கற்றவர், கண்ணியமானவர், காசு கொடுத்துக் குடியிருப்பவர்; அண்டை வீட்டாருக்கு இவரினும் நல்லவர் எங்கே கிடைப்பர்? ஆனால் கிடைத்ததோ கல்லெறி! கல்வியைப் பார்க்கவில்லை, கண்ணியத்தைப் பார்க்கவில்லை, தோலைப் பார்த்தார்கள், கல்லை எடுத்தார்கள்.

கல்லெறிந்தவர்களை அடக்கச் சட்டம் வந்ததா? இல்லை. கல்லடி பட்டவரை அடக்கச் சட்டம் வந்தது! வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருப் பகுதியில் கறுப்பினத்தவர் புதிதாகக் குடியேறக் கூடாது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் வெள்ளையர் குடியேறக் கூடாது. மீறினால் தண்டம், சிறை. அந்த ஆண்டு டிசம்பர்த் திங்களில் நகரத் தலைவர் பேரி மகூல் இதற்குக் கையொப்பமிட்டார். அமெரிக்க நாட்டில் இவ்வகைச் சட்டங்களில் இதுவே முதலாவது. கையொப்பமிட்டவர் பிற்போக்கர் என்று பெயரெடுத்தவருமல்லர். சீர்திருத்தக்காரர் எனப் போற்றப்பட்டவர்! சட்டத்தின் முகப்பில் எழுதியிருந்த காரணமோ, அமைதியைக் காத்தல், பகை வளராமல் தடுத்தல், பொதுநலம் பேணல். கொடுமை வரும்போது கோர முகத்தோடு வருவதில்லை. பொதுநலம் என்னும் பட்டாடை உடுத்தித்தான் வருகிறது.

இருசாராருக்கும் ஒரே விதி தானே, இதில் அநீதி எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு சாராரிடம் நகரின் பெரும்பகுதி இருந்தது. மற்றொரு சாராரிடம் நெருக்கடி மிகுந்த சில தெருக்களே இருந்தன. பரந்த வயலையும் சிறு பாத்தியையும் பிரித்து வேலியிட்டு, "வேலி இருவருக்கும் பொது" என்பது நீதியாகுமா? வேலிக்குள் மக்கள் பெருகினர்; வீடுகள் பெருகவில்லை. ஓட்டை வீட்டிற்கும் உயர்ந்த வாடகை கேட்க முடிந்தது. தேவை மிகுந்தால் விலை மிகும் என்பது பொருளியல் பாடம். உண்மைதான். தேவையை ஒரு மூலைக்குள் அடைத்து மிகச் செய்தது எது? சட்டம்!

ரிச்மண்டு, அட்லாண்டா, லூயிவில் முதலிய நகரங்கள் பால்டிமோரைப் பார்த்துத் தாமும் அவ்வாறே சட்டம் செய்தன. லூயிவில் நகரின் சட்டம் அமெரிக்க உச்சநீதி மன்றம் வரை சென்றது. 1917இல், அது செல்லாது என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கில், பால்டிமோர்க் கறுப்பின மக்கள் சார்பில் எழுத்து வாதம் தந்தவர் யார் தெரியுமா? 1834ஆம் எண் வீட்டை வாங்கிய அதே ஹாக்கின்ஸ்! ஏழாண்டு போராட்டத்திற்கு வெற்றி கிடைத்தது. ஆனால் தீர்ப்பின் அடிப்படையைக் கவனிக்க வேண்டும். மனிதன் மனிதனுக்குச் சமம் என்பதற்காகச் சட்டம் வீழ்த்தப்படவில்லை. சொத்துடையவன் தன் சொத்தைத் தான் விரும்பியவனுக்கு விற்கும் உரிமை கெடுகிறது என்பதற்காக வீழ்த்தப்பட்டது. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் கதவில் ஓர் ஓட்டை இருந்தது.

அந்த ஓட்டை வழியே நுழைந்தது கிரயப் பத்திரம். நகராட்சி தடுத்தால்தானே தவறு? விற்பவரும் வாங்குபவரும் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டால்? வடக்குப் பால்டிமோரில் ரோலண்டு பார்க், கில்ஃபோர்டு எனும் எழில்மிகு குடியிருப்புகள் தோன்றின. மரங்கள் அடர்ந்த சாலைகள், அகன்ற புல்வெளிகள். கில்ஃபோர்டின் பத்திரங்களில், கறுப்பினத்தார் எவரும் அங்கே குடியிருக்கலாகாது என்ற விதி எழுதப்பட்டது. கூடவே ஒரு விலக்கு: வீட்டு வேலைக்காரராயின் தங்கலாம்! அடுப்படியில் நிற்கலாம், கூடத்தில் அமரக் கூடாது. தொட்டிலை ஆட்டலாம், தொட்டில் கட்டிய வீடு தனதாகக் கூடாது. 1926இல் இத்தகைய ஒப்பந்தங்களுக்கு எதிராக வந்த வழக்கை உச்சநீதி மன்றம் ஏற்க மறுத்தது. நகராட்சிச் சட்டம் செத்தது. அதன் ஆவி பத்திரத்தில் புகுந்தது.

பின்னர் வந்தது நிலப்படம். 1930களின் பொருளாதாரப் பெரு மந்தத்தில் வீடுகள் ஏலத்திற்குப் போயின. நடுவண் அரசு 1933இல் வீட்டுடைமையாளர் கடன் கழகத்தைத் தொடங்கிற்று. அக்கழகம் நகரங்களை ஆய்ந்து நான்கு வண்ண நிலப்படங்கள் தீட்டியது. பச்சை சிறந்த பகுதி. நீலம் நல்ல பகுதி. மஞ்சள் சரியும் பகுதி. சிவப்பு இடர் நிறைந்த பகுதி. பால்டிமோரின் படம் 1937இல் உருவாயிற்று. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் சிவப்பாயின.

படத்தினும் வலியது கடன். அதற்குமுன் வீடு வாங்குவோர் விலையில் ஏறத்தாழப் பாதியை முன்னதாகக் கட்ட வேண்டும். மீதியை நாலைந்து ஆண்டுகளில் தீர்க்க வேண்டும். 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டு நிர்வாகம், வங்கிக் கடனுக்கு அரசே பொறுப்பேற்கும் முறையைக் கொணர்ந்தது. முன்பணம் ஐந்திலொரு பங்காயிற்று; தவணை இருபது ஆண்டுக்கு நீண்டது. பாட்டாளியும் வீட்டுக்காரனாகலாம் என்ற பொற்காலம் பிறந்தது. யாருக்கு? அந்நிர்வாகத்தின் மதிப்பீட்டுக் கையேட்டை விரித்தால் தெரியும். இனங்கள் கலப்பது விலையைக் கெடுக்கும் என்று அக்கையேடு எச்சரித்தது; தடை ஒப்பந்தங்களைப் பாராட்டியது. வெள்ளையர்க்குக் கடன் கிடைத்தது, வீடு கிடைத்தது, வீட்டின் விலை ஏற, அது பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணமாயிற்று, பேரனுக்குத் தொழில் முதலாயிற்று. கறுப்பினத்தவர்க்குக் கடன் இல்லை. கடன் இல்லாததால் வீட்டைச் செப்பனிட வழி இல்லை. செப்பனிடாததால் விலை இல்லை. விலை இல்லாததால் மீண்டும் கடன் இல்லை! சுற்றிச் சுற்றி வரும் இச்செக்கைப் பூட்டியது சந்தையா?

1948இல் உச்சநீதி மன்றம் மீண்டும் பேசிற்று. தடை ஒப்பந்தங்களை நிறைவேற்ற வழக்கு மன்றங்கள் துணைபோகக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அத்தொகுதி வழக்குகளில் டெட்ராயிட் நகர வழக்கை வாதாடியவர் தர்குட் மார்ஷல். 1908இல் பால்டிமோரில் பிறந்தவர். முதற்சட்டம் வந்தபோது இரண்டு வயதுக் குழந்தை. பின்னாளில், 1967இல், உச்சநீதி மன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தவர். பூட்டிய தெருக்களில் வளர்ந்த பிள்ளையே பூட்டை உடைக்கும் சம்மட்டியாயிற்று.

பூட்டு உடைந்ததும் புகுந்தார் தரகர். நகரின் மேற்கில் எட்மண்ட்சன் வில்லேஜ் என்ற வெள்ளையர் குடியிருப்பு. 1950களின் நடுவே அங்கே தரகர்கள் கதவைத் தட்டினர். "கறுப்பர் வருகிறார்கள். இன்று விற்றால் இவ்வளவு, நாளை விற்றால் பாதி" — இதுதான் அவர்கள் ஓதிய மந்திரம். அஞ்சியவர் அடிமாட்டு விலைக்கு விற்று ஓடினர். வாங்கிய தரகரோ, வீட்டுக்காக ஏங்கி நின்ற கறுப்பினக் குடும்பத்துக்கு மிகுந்த விலைக்கு விற்றார். வங்கி கடன் தராததால் பலர் தவணை ஒப்பந்தத்தில் சிக்கினர். கடைசித் தவணை வரை வீடு பெயருக்கு மாறாது; தவணை தவறினால் வீடும் போயிற்று, கட்டிய பணமும் போயிற்று. பத்தே ஆண்டுகளில் எட்மண்ட்சன் வில்லேஜின் மக்கள் ஏறத்தாழ முழுமையாக மாறினர். விற்றவனிடம் அச்சத்தை விற்றார், வாங்கியவனிடம் நம்பிக்கையை விற்றார். இரண்டிலும் இலாபம் கண்டார் தரகர்.

ஓடியவர் எங்கே ஓடினர்? நகர எல்லைக்கு அப்பால், பால்டிமோர் கவுண்டிக்கு. 1950இல் ஏறத்தாழ 2,70,000 பேர் வாழ்ந்த அப்பகுதியில், 1970இல் 6,20,000 பேர் வாழ்ந்தனர். மக்கள் போயினர், அவர்தம் வரியும் போயிற்று, வரி போனதால் பள்ளியும் சாலையும் நலிந்தன.

1968இல், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், இன வேறுபாடு காட்டி வீடு மறுப்பது குற்றம் என்று நடுவண் சட்டம் வந்தது. இனி எல்லாம் சீராகும் என்று எண்ணினர். ஆனால் 1970களில், மேற்குப் பால்டிமோரின் நடுவே நெடுஞ்சாலை ஒன்று வெட்டப்பட்டது. ஏறத்தாழ 970 வீடுகள் இடிந்தன. 1,500 பேர் வெளியேற்றப்பட்டனர். சாலை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சிறிதே நீண்டு நின்றுவிட்டது, எந்நெடுஞ்சாலையோடும் சேரவில்லை. "எங்கும் போகாத சாலை" என்றே அதற்குப் பெயர். 1973 முதல் நகராட்சி, பாழ்பட்ட வீடுகளை ஒரு டாலருக்கு விற்றது. வாங்கியவர் தாமே பழுது பார்த்துக் குடியிருக்க வேண்டும் என்பது விதி. துறைமுகத்தை அடுத்த ஆட்டர்பைன் பகுதி அதனால் மலர்ந்தது. கடனும் கவனமும் கிடைத்த இடம் தழைத்தது என்பதே அதன் பாடம்.

பின்னர்க் கொடுமை தலைகீழாயிற்று. முன்பு கடன் மறுக்கப்பட்ட தெருக்களுக்கே கடும் வட்டிக் கடன் தேடி வந்தது. அவ்வாறு செய்ததாக வெல்ஸ் ஃபார்கோ வங்கிமீது 2008இல் பால்டிமோர் நகராட்சி வழக்குத் தொடுத்தது. 2012இல் அவ்வங்கி, குற்றத்தை ஒப்பாமலே, நாடு தழுவிய உடன்பாட்டின்படி 17 கோடியே 50 இலட்சம் டாலர் தர இசைந்தது.

மார்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அறிஞர் லாரன்சு பிரௌன், பால்டிமோரின் படத்தைக் கண்டு, கறுப்பின மக்கள் வாழும் கிழக்கும் மேற்கும் வண்ணத்துப் பூச்சியின் இரு சிறகுகள் போல் விரிந்திருப்பதைச் சுட்டினார். 1895இல் மெக்மெச்சன் பட்டம் பெற்ற அதே மார்கன்! நூறாண்டுக்கு மேலாகியும் கோடு அழியவில்லை.

இப்போது அந்தப் பழைய வாதத்திற்கு வருவோம். இனம் இனத்தோடு சேர்வது இயற்கை. சந்தை அதைத்தான் காட்டுகிறது என்பர் சிலர். அவர்களை ஒன்று கேட்போம். நீர் பள்ளம் நோக்கி ஓடுவது இயற்கை. அதற்கு நகராட்சி ஆணை பிறப்பிப்பதில்லை. பிரிந்து வாழ்வது இயற்கையாயின், 1910இல் சட்டம் எதற்கு? சட்டம் போனபின் பத்திரம் எதற்கு? பத்திரத்தோடு படம் எதற்கு, கையேடு எதற்கு? இயற்கைக்கு இத்தனை காவலாளிகளா? காவலாளிகள் இத்தனை பேர் இருந்ததே, அது இயற்கையன்று என்பதற்குச் சான்று!

இதைக் கூறுவது பழியைச் சுமத்தி மகிழ்வதற்கன்று. தானே விளைந்தது என்றால் தலைவிதி என்று தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மனிதன் செய்தது என்றால், மனிதனே மாற்றலாம். பேனாவால் போட்ட கோட்டைப் பேனாவால் அழிக்கலாம். கடனை மறுத்துக் கெடுத்த தெருவை, நேரிய கடன் தந்து திருத்தலாம்.

பால்டிமோரின் வரிசை வீடுகளுக்கு ஓர் இயல்பு உண்டு. இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று. ஒரு வீடு பாழாகிக் கூரை சரிந்தால், மழைநீர் பொதுச் சுவரில் ஊறி, அடுத்த வீட்டையும் அரிக்கும். அவ்வீட்டுக்காரர் என்ன நிறம் என்று நீர் கேட்பதில்லை. கட்டிய கொத்தனுக்குத் தெரிந்திருந்த இவ்வுண்மை, கையொப்பமிட்ட நகரத் தலைவருக்குத் தெரியாமற் போயிற்று.