4043 என்னும் கம்பி

வெல்டிங் பட்டறையில் ஒரு மீட்டர் நீளத்தில் கிடக்கும், மூட்டை நிரப்ப உருக்கும் அந்த ஃபில்லர் ராடின் முனையில் 4043 என்று பொறித்திருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. இரண்டு கற்களிலிருந்து வந்து சேர்ந்த கம்பி அது.

ஒரு கல்லின் வழியை ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்துப் பஞ்ச்பட்மாலி மலையிலிருந்து பார்க்கலாம். அங்கே வெட்டிய பாக்சைட் 14.6 கிலோமீட்டர் நீளக் கன்வேயர் பெல்ட்டில் தாமன்ஜோடி ஆலைக்கு இறங்குகிறது. காரத்தில் கரைந்து, வெள்ளைப் பொடியாகி, ரயிலேறி அங்குலுக்குப் போய், மின்சாரம் பாய்ந்து அலுமினியமாகிறது. ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட்டுக்கு ஒரு டன் உலோகம். ஏற்காட்டு மலைக் கல்லும் ஒரு காலத்தில் மேட்டூரில் இப்படித்தான் அலுமினியமானது.

இன்னொரு கல் குவார்ட்ஸ். கரியோடு மின் உலையில் வெந்து சிலிக்கானைத் தருவது. உருகிய அலுமினியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அதைக் கலந்து வார்த்து, உருட்டி, அச்சுத் துளைகளில் திரும்பத் திரும்ப இழுத்து 2.4 மில்லிமீட்டர் வரை மெலிய வைக்கிறார்கள்.

அந்த ஐந்து பங்கின் அருமை 6061 தகட்டின் முன்னால்தான் தெரியும். சைக்கிள் சட்டம் முதல் படகு உறுப்பு வரை பயன்படும் உலோகக் கலவை அது. ராடு கொடுக்காமல் இரு விளிம்புகளையும் வெறுமனே உருக்கிச் சேர்த்தால், சூடு தணியும்போதே மூட்டின் நடுவே மயிரிழை போல விரிசல் ஓடிவிடும். அலுமினியம் உறையும்போது கிட்டத்தட்ட ஆறு சதவீதம் சுருங்குகிறது. முதலில் உறைந்த படிகங்களின் இடுக்கில் மெல்லிய ஏடாகத் திரவம் மிஞ்சியிருக்கும். சுருக்கம் இருபுறமும் இழுக்க, அந்த ஏடு கிழிகிறது. சிலிக்கான் கூடினால் 577 டிகிரி செல்சியஸ் வரை உறையாத திரவம் தாராளமாக மிஞ்சும். கிழியும் இடத்துக்குள் பாய்ந்து அதை நிரப்பிவிடும். விளிம்புகளை V வடிவில் சீவச் சொல்வது இதற்காகவும்தான்: பள்ளம் இருந்தால் ராடு அதிகம் இறங்கும், தாய் உலோகம் குறைவாகக் கலக்கும்.

விரிசல் விட்டதும் வெல்டரின் கையைப் பழிக்கிறார்கள். விளிம்பைச் சீவ நேரம் தராமல், கிடைத்த ராடைக் கொடுத்து வேலை வாங்கிவிட்டு அவரை மட்டும் பழிப்பது அநியாயம்.

4043 எல்லா இடத்துக்கும் ஆகாது. 5083 போல மெக்னீசியம் மிகுந்த தகட்டில் இட்டால் மூட்டு எளிதில் நொறுங்கும்; அங்கே 5356 போல மெக்னீசியம் உள்ள ராடு வேண்டும். அனோடைஸ் செய்யும் பொருளிலும் 4043 இட்ட இடம் கருஞ்சாம்பல் கோடாகத் தனித்துத் தெரியும்.

அசிட்டோனில் துடைத்த ராடு, துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் தேய்த்த விளிம்பு, ஆர்கான், டிக் டார்ச். சொட்டுச் சொட்டாகக் கம்பி குறைந்துகொண்டே வருகிறது. மூட்டின் கடைக்கோடியில் டார்ச்சைச் சட்டென்று எடுத்தால் ஒரு குழி விழும், அதன் நடுவில் நட்சத்திரம் போல விரிசல் பூக்கும். தேர்ந்த வெல்டர் கரண்ட்டை மெல்லக் குறைத்துக்கொண்டே இன்னும் இரண்டு சொட்டு விடுகிறார். குழி நிரம்பி மேடாகிறது. ஆர்கான் நிற்கும் வரை டார்ச் அங்கேயே இருக்கிறது. கையில் மிஞ்சியது விரல் நீளத் துண்டு.