கார் கண்ணாடி உடைப்புத் திருட்டு: கொல்லிமலை செல்லும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

பெருநாள் விடுமுறையிலும் பள்ளி விடுமுறையிலும் குடும்பத்தோடு காரில் மலைப்பகுதிகளுக்குச் சென்று வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை அத்தகைய இடங்களில் ஒன்று. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வண்டி ஓட்டுபவரின் கவனம் முழுவதும் அந்த வளைவுகளில்தான் இருக்கும். மேலே சேர்ந்து காரை நிறுத்திய பிறகு அதைப் பற்றிய நினைப்பு பெரும்பாலும் வருவதில்லை.

ஆகாய கங்கை அருவிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். குளித்துவிட்டு மறுபடி ஏறி வருவதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். தண்ணீரில் நனைந்துவிடக் கூடாதென்று செல்போன், பர்ஸ், நகை ஆகியவற்றைக் காரிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். அதையும் காரை நிறுத்திய இடத்தில், நாலு பேர் பார்க்கும்படியே செய்கிறோம். கண்ணாடியை உடைத்துத் திருடுபவர்களுக்கு இதைவிட வசதியான வாய்ப்பு வேறில்லை.

எதைத் திருடுகிறார்கள்?

காலத்துக்குக் காலம் திருட்டுப் பொருள் மாறிவந்திருக்கிறது. 1980-களில் நியூயார்க் நகரில் கார் ரேடியோ திருட்டு பெருகியபோது, "ரேடியோ இல்லை" என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் நிலைக்கு மக்கள் வந்தார்கள். ஜிபிஎஸ் துல்லியத்தின் மீது வைத்திருந்த கட்டுப்பாட்டை அமெரிக்கா 2000 மே 2-ஆம் தேதி நீக்கியது. அதன்பின் வழிகாட்டும் கருவிகள் பரவலாயின. கண்ணாடியில் ஒட்டிவைக்கும் சிறு கருவிகள் திருடர்களின் இலக்காயின. கருவியைக் கழற்றி எடுத்துச் சென்றாலும் அதை ஒட்டிய வட்டத் தடம் கண்ணாடியில் இருந்தால் உள்ளே கருவி இருக்கும் என்று ஊகித்துவிடுவார்கள். எனவே அதையும் துடைத்துவிடுங்கள் என்று பிரிட்டனில் காவல்துறை அறிவுறுத்தியது. ஜெர்மனியில் உயர்ரக கார்களிலிருந்து, பொருத்தப்பட்ட வழிகாட்டும் கருவியையும் ஸ்டீரிங்கையும் கழற்றிச் செல்வது தொடர்ந்து நடந்துவருகிறது.

இன்று பெரும்பாலோர் செல்போனிலேயே வழி பார்க்கிறார்கள். ஆனாலும் டேஷ்போர்டிலுள்ள தொடுதிரைக்கு மதிப்புக் குறையவில்லை. இதில் இரண்டு வகை உண்டு. கார் தயாரிப்பிலேயே பொருத்தப்படும் திரைகளில் சில அந்தந்த வண்டியோடு மின்னணு முறையில் பிணைக்கப்பட்டவை. வேறு வண்டியில் மாட்டினால் வேலை செய்யாது அல்லது ரகசியக் குறியீடு கேட்கும். கடையில் வாங்கிப் பொருத்தும் திரைகளில் பல, எந்தக் காரிலும் பொருந்தும் பொது அளவில் இருக்கும். எளிதில் விற்க முடிவதால் கழற்றப்படும் ஆபத்தும் இவற்றுக்கே அதிகம்.

திரையைக் கழற்ற நேரமும் கருவியும் வேண்டும். ஆனால் இருக்கையில் கிடக்கும் பையை எடுக்கச் சில நொடிகள் போதும். பக்கக் கண்ணாடிகள், விபத்தின்போது ஆளைக் கிழிக்காமல் சிறு துண்டுகளாக நொறுங்கும்படி தயாரிக்கப்பட்டவை. அந்தப் பாதுகாப்பு அம்சமே திருடனுக்கும் உதவிவிடுகிறது. சாவியில்லாமல் இன்ஜினை இயங்கவிடாத இம்மொபிலைசர், வண்டியைக் காக்குமே தவிர உள்ளிருக்கும் பொருளைக் காக்காது.

புறப்படும் முன்

* எடுத்துவைக்க வேண்டியதை வீட்டிலேயே அல்லது அடிவாரத்திலேயே டிக்கியில் வைத்துவிடுங்கள். நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து பையை வைப்பது, பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதாகும்.
* நகை, பாஸ்போர்ட், லேப்டாப் ஆகியவை அருவிப் பயணத்துக்குத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்திருப்பவர்கள் பாஸ்போர்ட்டைக் காரில் வைத்துச் செல்வதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.
* குளிக்காத ஒருவர் பர்ஸ், செல்போன் பையோடு கரையில் இருப்பது நல்லது.
* வழிகாட்டும் கருவியில் "வீடு" என்று சொந்த முகவரியைப் பதியாதீர்கள். அருகிலுள்ள ஒரு பொது இடத்தைப் பதியுங்கள். முகவரியும் வீட்டுச் சாவியும் ஒன்றாகக் காரில் இருந்தால் அடுத்த திருட்டு வீட்டில் நடக்கலாம். ஆர்.சி. புத்தகத்துக்கும் இது பொருந்தும். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளிலுள்ள ஆவணங்களை அசலுக்கு இணையாக ஏற்கலாம் என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்திருக்கிறது.
* தொடுதிரையின் வரிசை எண்ணைப் படம் எடுத்து, வாங்கிய பில்லோடு வீட்டில் வையுங்கள். குறியீட்டு அட்டை இருந்தால் அதுவும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.
* ரிமோட்டை அழுத்திவிட்டு நடந்துவிடாமல், கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

திருட்டு நடந்துவிட்டால்

முதலில் எதையும் தொடாமல் உடைந்த கண்ணாடியையும் உட்புறத்தையும் படம் எடுங்கள். வங்கி அட்டைகளும் சிம் கார்டும் போயிருந்தால் அவற்றை உடனே முடக்குங்கள். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது என்பதால், வங்கியின் உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது பயன்படும். 100 அல்லது 112-ஐ அழைக்கலாம். கொல்லிமலையிலேயே வாழவந்திநாட்டில் காவல் நிலையம் இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகுதான் தெரியவந்தது என்றாலும் வழியுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு முறையில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவுசெய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதற்கும் பலனில்லையெனில் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவின்படி சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை. ஆட்களையோ சரக்கையோ ஏற்றிச்செல்லும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் 305-ஆவது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. எனவே "காரிலிருந்து திருடப்பட்டது" என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

இன்சூரன்ஸ் எதைத் தரும்?

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இதில் எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால் உடைந்த கண்ணாடிக்கும், தயாரிப்பிலேயே பொருத்தப்பட்ட திரைக்கும் கோரலாம். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் கடையில் வாங்கிப் பொருத்திய திரையைப் பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். காரிலிருந்த லேப்டாப், நகை, பணம் ஆகியவற்றுக்கு வழக்கமான கார் பாலிசி பொறுப்பேற்காது. கோரிக்கை வைத்தால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். சிறிய இழப்பென்றால் கணக்குப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே தெரிவிப்பதே முறை. எனினும் காவல்துறையில் உடனடியாகப் புகார் தந்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காரணம் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்க முடியாது என்று வாகனத் திருட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 24 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் டிராக்டர் திருடுபோன அன்றே காவல்துறையில் பதிவாகியிருந்தது. அதுவே உரிமையாளரைக் காப்பாற்றியது.

"பொறுப்பல்ல" என்ற பலகை

நிறுத்துமிடங்களில் "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்திருப்போம். 1998-இல் டெல்லியில் ஒரு விருந்தினர் ஹோட்டல் ஊழியரிடம் சாவியை ஒப்படைத்த மாருதி ஜென் கார் திருடுபோனது. அந்த வழக்கில், அப்படி அச்சிட்ட வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்று 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. சாவியை வாங்கிக்கொண்டவரிடம் வண்டி ஓர் அமானிதம். ஆனால் நாமே நிறுத்தி, சாவியையும் நாமே வைத்துக்கொண்டால் இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. விடுதியில் தங்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

வாங்குபவரின் பொறுப்பு

திருடிய திரையை வாங்க ஆளில்லையென்றால் அதைக் கழற்றவும் ஆளிருக்காது. பில் இல்லாமல், வரிசை எண் சுரண்டப்பட்டு, பாதி விலைக்குக் கிடைக்கும் மியூசிக் சிஸ்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவது மார்க்கத்திலும் கூடாது, சட்டத்திலும் ஆபத்து. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ நேர்மையற்று வாங்கினால் 317-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை. பழைய கருவி வாங்குவோர், விற்பவரின் அடையாளத்தையும் பழைய பில்லையும் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.