வழி சொன்னவர்கள்



பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள் என்பதை அறிவீர்கள். திருமுருகாற்றுப்படையை ஒருபுறம் வைத்துவிட்டு ஏனைய நான்கையும் பார்த்தால் அவற்றின் அமைப்பு மிக எளிது. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைக் காண்கிறான். தான் போய் வந்த வழியை அவனுக்குச் சொல்கிறான். எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எந்த மலைச்சரிவில் பார்த்து நடக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். வழி சொல்பவன் குருவும் அல்லன், அரசனின் ஏவலாளனும் அல்லன். நேற்றுவரை அதே பசியோடு அதே பாதையில் நடந்தவன்.

உளத்துயர் உற்றோருக்குத் துணைநிற்கும் பணிக்கு ஈழத்தில் ‘ஆற்றுப்படுத்தல்’ என்று பெயர் வைத்தவர் யாரோ அறியேன். தமிழ் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009இல் போர் முடிந்த பின்னும் இந்தச் சொல் எங்கள் கிராமங்களில் புழக்கத்துக்கு வந்தது. ஊரையே விட்டுப் போய் மீண்டுவந்த அடம்பன் மக்களுக்கு அது அந்நியமான சொல் அன்று.

இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது அவ்வரலாற்றின் அதிகம் பேசப்படாத ஒரு கிளை. தன்பாலீர்ப்பு உடையோர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோருக்காக, முன்னறிவித்தல் இன்றி எவரும் வந்து அமரலாம் என்று ஓர் அறையைத் திறந்து வைத்தவர்களின் வரலாறு. வானொலியை மூட எண்ணும் நேயர்கள் பத்து நிமிடம் பொறுத்தருள வேண்டும்.

1953ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் மாநகரின் சென் ஸ்டீவன் வோல்புறூக் தேவாலயத்தில் சாட் வாரா என்ற மதகுரு, தற்கொலை எண்ணம் கொண்டோர் தம்மோடு பேசலாம் என்று அறிவித்தார். அழைத்தவர்களும் வந்தவர்களும் பெருகினர். அவர்கள் காத்திருக்கும்போது தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்களைச் சேர்த்தார். பின்னர் அவர் ஒன்றைக் கவனித்தார். வந்தவர்களிற் பலர் தேநீர் கொடுத்தவரிடமே மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டு, மதகுருவைக் காணாமலே எழுந்து போனார்கள். அடுத்த ஆண்டே அவர் அப்பணியைத் தொண்டர்கள் கையில் ஒப்படைத்தார். பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர் பேசாமல் இருந்து கேட்பதே ஒரு பணி என்பது நம் காலத்தில் உறுதிப்பட்டது அங்கேதான் என்பேன். அந்த வழியில் கொழும்பில் 1974இல் தோன்றியது ‘சுமித்ரயோ’. நல்ல நண்பர்கள் என்று பொருள்.

அதே 1974ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி, இலண்டன் கலிடோனியன் வீதியில் ஹவுஸ்மன்ஸ் என்ற புத்தகக் கடை இருந்த கட்டடத்தில், தன்பாலீர்ப்பு உடையோருக்கான தொலைபேசிச் சேவை ஒன்று தொடங்கியது. இங்கே தொண்டர்களும் அதே பாதையில் நடந்தவர்கள். குடியிருக்க அறை எங்கே, பொலிஸ் பிடித்தால் எந்தச் சட்டத்தரணியிடம் போவது, தாய்க்கு எப்படிச் சொல்வது என்பனவே கேள்விகள். ஒரு தொண்டர் தம் முறை முடிந்து எழும்போது அடுத்து வருபவருக்காகக் குறிப்பெழுதி வைப்பார். அந்தப் பதிவேடுகள் பிஷப்ஸ்கேற் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. வரலாறு எழுதுவோருக்கு அரச அறிக்கைகளைவிட இத்தகைய கொப்பிகள்தாம் பெறுமதியானவை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையை நமக்குத் தந்தவர்கள் ஆங்கிலேயர். 1967இல் அவர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், இருபத்தொரு வயது கடந்த ஆடவர் இருவர் தனிமையில் நடந்துகொள்வதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கினர். நாமோ அவர்கள் விட்டுப்போன 365, 365அ ஆகிய பிரிவுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்டது மட்டுமா? 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதி, யாழ்ப்பாணமே பெயர்ந்து கைதடிப் பாலத்தில் மழையில் நின்ற நாட்கள் அவை. அந்நாட்களிலேயே சட்டக்கோவைத் திருத்தமும் வந்தது. 365அ பிரிவில் ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘ஆள்’ என்று பொதுப்பட வைத்தார்கள். அதனால் அதுவரை அந்தப் பிரிவுக்குள் வராத பெண்களும் உள்ளே வந்தார்கள். ஓர் எழுத்து மாறினாற் பொருள் மாறும் என்று மாணவருக்குச் சொல்வோம். இங்கு ஒரு சொல் மாறியதால் பலரது வாழ்வே மாறியது.

அந்த ஆண்டிலேதான் கொழும்பில் ஷேர்மன் டி றோஸ் என்பவர் ‘பயணத் தோழர்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். வந்துபோவோருக்கென ஒரு நிலையமும் அதன் பணிகளில் ஒன்றாயிற்று. எச்.ஐ.வி. தொற்றுப் பற்றிய அறிவுரை ஒருபக்கம், யாரோடும் பேச முடியாதவற்றைப் பேச ஓர் இடம் மறுபக்கம். இலங்கையர் ஒருவருக்கு அந்தத் தொற்று முதன்முதலிற் கண்டறியப்பட்டது 1987இல். நோய்க்கு அஞ்சியே பல நாடுகள் இத்தகைய நிலையங்களைக் கண்டும் காணாமல் விட்டன. சட்டம் குற்றம் என்று சொன்னது. சுகாதாரத்துறை அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்றது. இரண்டுக்கும் நடுவில் அந்த அறையிலே தொண்டர்கள் இருந்தார்கள்.

அது இலகுவான இருப்பாக இருக்கவில்லை. 1999இல் கொழும்பில் தன்பாலீர்ப்புப் பெண்களின் மாநாடு ஒன்று நடக்கப்போவதாகச் செய்தி வந்தபோது, ஆங்கில நாளேடு ஒன்றில் வெளியான வாசகர் கடிதம், அப்பெண்கள்மீது வன்புணர்வுக் குற்றவாளிகளை ஏவிவிட வேண்டும் என்றது. டி றோஸ் பத்திரிகைப் பேரவையில் முறையிட்டார். 2000ஆம் ஆண்டில் பேரவை முறைப்பாட்டைத் தள்ளியது. அதுமட்டுமன்றி, முறையிட்டவரே 2,100 ரூபா செலவுப் பணம் கட்ட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. புகார் கொண்டு போனவனுக்கே தண்டம் போட்ட கதைகள் நம்மிடம் பல உண்டு. அவை நாட்டார் கதைகள். இது பதிவில் உள்ளது.

கடலுக்கு அப்பால் சென்னையில் 1998இல் சுனில் மேனன் தொடங்கிய அமைப்புக்குப் பெயர் ‘சகோதரன்’. ரொறன்ரோவில் தமிழர் கூடிய குழுவொன்று ‘சிநேகிதன்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. 2022இல் யாழ்ப்பாண வீதியில் வானவில் கொடியோடு நடந்தவர்களிடையே ‘சங்கம்’ என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய அமைப்பினர் முன்னின்றார்கள். நண்பன், தோழன், சகோதரன், சிநேகிதன்: எல்லாம் உறவுப் பெயர்கள். வீட்டில் கிடைக்காததையே வாசற்பலகையில் எழுதினார்கள் போலும்.

இங்கு ஓர் இலக்கணச் செய்தி. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கெனத் தனி ஈறு இல்லை. ஆனால் அது உயர்திணை முடிபே கொள்ளும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்தார். தெய்வப் பெயரையும் அதே நூற்பாவிலேதான் வைத்துச் சொன்னார். நம் சந்திகளிலோ இன்று அவர்களை ‘அது’ என்கிறோம்.

என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2013ஆம் ஆண்டளவில் ஒரு மாலை, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சேர், எனக்கு ஒருக்காலும் கலியாணம் சரிவராது” என்று தொடங்கி, தன் மனம் ஆண்கள்பாற் செல்வதை அரைகுறையாகச் சொன்னான். நான் முழுவதையும் கேட்கவில்லை. “சோதினை வருகுது, படி. திருக்கேதீச்சரத்தானுக்கு ஒரு நேர்த்தி வை. எல்லாம் சரியாகும்” என்று எழுந்துவிட்டேன். பொருநராற்றுப்படையை அன்று காலைதான் படிப்பித்திருந்தேன். அவன் பரீட்சை எழுதாமலே கொழும்புக்குப் போய்விட்டான் என்று பின்னர் அறிந்தேன். தாய் பல தடவை என் படலையில் வந்து நின்று, “உங்களுக்கு ஏதும் சொன்னவனோ சேர்?” என்று கேட்டார். “இல்லை அம்மா” என்றேன்.

சட்டத்தைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தபோது, நான் அவனை நினைத்தேன். அச்சட்டமூலம் நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது.

சென்ற ஆண்டு அவனே தொலைபேசியில் அழைத்தான். பகலிற் கடையொன்றில் வேலை. கிழமையில் இரண்டு மாலை, தன்னைப் போன்றவர்கள் வந்துபோகும் இடமொன்றிற் சம்பளம் இல்லாத தொண்டு. தமிழ் மட்டும் தெரிந்து வருவோருக்கு அவன்தான் அங்கே வாய். “வேலை பெரிசா ஒண்டும் இல்லை சேர். வந்த உடன தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது. மன்னார் பஸ்ஸில விடிய வந்து இறங்கின பெடியன் ஒருத்தன், ரெண்டு மணித்தியாலம் கோப்பையைப் பாத்துக்கொண்டே இருந்தான். நானும் இருந்தன்.”

என்ன சொல்வதென்று தெரியாமல், ஆற்றுப்படை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கு சேர். அதில வழி சொல்லுறவன்தானே முழுக்கக் கதைப்பான், எதிரில நிக்கிறவன் வாயே திறக்கமாட்டான். இங்க மற்றப் பக்கம். வாறவை கதைப்பினம். நாங்கள் சும்மா இருப்பம்.”

தாயோடு இப்போது பேசுகிறானாம், மாதத்தில் ஒருமுறை. அடுத்த மாதம் விடைத்தாள் மதிப்பீட்டுக்காக நான் கொழும்புக்குப் போக வேண்டியுள்ளது. முகவரியை எழுதி வைத்திருக்கிறேன். அவனது தாய், பனங்கட்டிப் பொட்டலம் ஒன்றை என்னிடம் தந்திருக்கிறார்.