துளியளவு நஞ்சின் வரலாறு

'அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு' என்பது நம் முன்னோர் மொழி. அளவுக்கு மிஞ்சாத நஞ்சு தீங்கு செய்யாது என்று அதனை நாம் மறுதலையாகவும் பொருள் கொண்டுவிட்டோம். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதைக் கடந்த எண்பது ஆண்டுகளின் வரலாறு காட்டுகின்றது. அவ்வரலாற்றைக் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று நோக்குவோம்.

1895-ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்றின் நீர் மலையைக் கடந்து இப்பக்கம் பாய்ந்தபின் இப்பள்ளத்தாக்கு செழித்தது. நெல்லும் வாழையும் திராட்சையும் ஓங்கின. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. மேற்கே போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறினால் ஏலத் தோட்டங்கள். இவ்வூர்ப் பெண்கள் விடியுமுன்னரே ஜீப்புகளில் ஏறி அங்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். ஏலத்தைப் பூச்சியும் திராட்சையைப் பூஞ்சையும் எளிதில் தாக்குவதால் தெளிப்பு ஓய்வதில்லை. இதனை நம் மக்கள் 'மருந்து அடித்தல்' என்கின்றனர். நஞ்சுக்கு மருந்தென்று பெயரிட்டபோதே அச்சம் நீங்கிவிட்டது.

பூச்சிகளைக் கொல்லும் டி.டி.டி.யின் ஆற்றலை 1939-இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-இல் நோபல் பரிசு பெற்றார். மலேரியாவை ஒடுக்கியதில் அதன் பங்கை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் 1962-இல் அமெரிக்க அறிஞர் ரேச்சல் கார்சன், அது பறவைகளின் இனப்பெருக்கத்தைக் குலைப்பதை எடுத்துக்காட்டினார். 1971-இல் மற்றோர் அதிர்ச்சி வந்தது. கருச்சிதைவைத் தடுக்கவென்று கருவுற்ற தாய்மார்க்குக் கொடுத்த செயற்கை ஹார்மோன் ஒன்றால், அவர்களுடைய பெண் மக்கள் பருவமெய்திய பின்னர் அரிய புற்றுநோய்க்கு ஆளாயினர். தாய் உண்டது; மகள் துன்புற்றாள்!

1991-இல் அமெரிக்காவின் விங்ஸ்பிரட்டில் கூடிய அறிஞர்கள் இவற்றையெல்லாம் ஒருங்கே ஆராய்ந்தனர். நம் உடலின் சுரப்பிகள் இரத்தத்தில் மிகமிக நுண்ணிய அளவே ஹார்மோன்களை விடுகின்றன. அந்நுண்ணளவே வளர்ச்சியையும் பருவத்தையும் மகப்பேற்றையும் ஆள்கின்றது. இவ்வமைப்பில் சில இரசாயனங்கள் கள்ளச்சாவி போல் நுழைந்து, திறக்க வேண்டாத பூட்டைத் திறக்கின்றன. திறக்க வேண்டியதை அடைக்கின்றன. ஆகவே சிற்றளவும் போதும். கருவிலிருக்கும் குழவிக்கு அதனினும் சிற்றளவு போதும்.

இதற்குச் சான்று நெடுந்தொலைவில் இல்லை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசின் தோட்டக் கழகம் முந்திரிக் காடுகளின்மீது எண்டோசல்பானை இருபது ஆண்டுகளுக்கு மேலாக, 2000-ஆம் ஆண்டு வரை, ஹெலிகாப்டரில் தெளித்தது. குன்றின்மேல் விழுந்த நஞ்சு கீழே ஓடைகளிலும் கிணறுகளிலும் கலந்தது. 2003-இல் வெளிவந்த ஆய்வொன்றில், குன்றடிவாரச் சிற்றூரின் 117 மாணவர்களையும், நஞ்சு படாத ஊரின் 90 மாணவர்களையும் ஒப்பிட்டனர். முன்னவரிடம் பருவ வளர்ச்சி தாமதப்பட்டிருந்தது. ஆண்மை ஹார்மோனின் உற்பத்தியும் பாதிப்புற்றிருந்தது. அவர்களுள் யாரும் நஞ்சைக் குடித்தவரல்லர்; அதைச் சுவாசித்து, அந்நீரைப் பருகி வளர்ந்தவர்களே!

உற்பத்தியாளர்கள் மறுத்தனர், வழக்குகள் நீண்டன. 2011 மே 13-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. பாதிப்புற்றோர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்க 2017-இல் ஆணையிட்டது. ஆனால் இழந்த பருவத்தை எந்தத் தொகை மீட்டுத் தரும்?

ஒன்று போனால் மற்றொன்று வருகின்றது. திராட்சையின் பூஞ்சை நோய்க்கு நம் நாட்டில் பரிந்துரைக்கப்படும் மாங்கோசெப், ஹார்மோன்களைக் குலைக்கக் கூடியது என்ற காரணமும் சேர்ந்து, 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமம் இழந்தது. பூச்சிக்கொல்லி எச்சம் மிகுந்த இந்திய ஏலக்காயைச் சவூதி அரேபியா திருப்பி அனுப்பியதும் நிகழ்ந்தது. அரபியரின் கஹ்வாவில் கலக்கும் ஏலத்தைச் சோதிக்க ஆளுண்டு. அதைக் கொய்யும் நம் சகோதரியின் இரத்தத்தைச் சோதிப்பவர் யார்?

பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த மருத்துவப் பேரறிஞர் அர்-ராஸி, பாதரசத்தின் தன்மையை அறிய முதலில் அதனை ஒரு குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார். மனிதனுக்குத் தருமுன் ஐயுறுவது அவர் முறை. நம் காலத்திலோ முதலில் தெளித்தார்கள். ஐயுறுதல் பின்னரே வந்தது. சோதனைக்கு உள்ளானோர் அறியாச் சிறுவர்கள்.

ஆதலின் நம்மால் இயல்வனவற்றையேனும் செய்தல் வேண்டும். தெளித்த தோட்டத்திற்குக் கருவுற்ற பெண்களை அனுப்பலாகாது. தெளித்தவரின் ஆடையைக் குழந்தைகளின் துணியோடு துவைக்கலாகாது. நஞ்சு வந்த கேனில் குடிநீர் பிடித்தல் அறவே கூடாது. தெளித்தபின் குறித்த நாள் கழியாமல் பழத்தையும் காயையும் பறித்து விற்பது, வாங்குவோர்க்குச் செய்யும் அநீதியாகும். தோட்டமுடையோருள் நம்மவரும் பலர். கூலிக்குச் செல்வோருள்ளும் நம்மவர் உண்டு. இரு சாராரின் பிள்ளைகளும் அருந்துவது இப்பள்ளத்தாக்கின் நீரையே. விளைச்சலின் கணக்கை ஆண்டுதோறும் எழுதி வைக்கும் நாம், பிறக்கும் மக்களின் நலக் கணக்கையும் இனியேனும் எழுதத் தொடங்குவோமாக!