பயிரும் பாடமும்: நவ்காவ் கஞ்சாவின் தரம் குறித்து ஓர் ஆய்வு

வீட்டளவில் வளர்க்கும் கஞ்சாவின் தரத்தைப் பேசுவோர் பெரும்பாலும் விதை, மண், வெளிச்சம் ஆகிய மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். அறுத்தபின் உலர்த்துவதும் பாடம் செய்வதும் கடைசிப் பத்தியில் அடங்கிவிடுகின்றன. தரத்தின் பெரும்பங்கு விளைநிலத்தில் தீர்மானமாகிவிடுகிறது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. வங்காளத்து நவ்காவின் வரலாறு இதை மறுக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ராஜ்ஷாஹி மாவட்டத்து நவ்காவ் பகுதியில் உரிமம் பெற்ற சிறு குடியானவர்கள் கஞ்சா பயிரிட்டார்கள். ஹேம் சந்தர் கெர் 1877இல் அளித்த அறிக்கையும், தாவரவியலாளர் டேவிட் பிரெய்ன் 1893இல் அளித்த அறிக்கையும், 1893-94ஆம் ஆண்டுகளின் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையத் தொகுதிகளும் அந்தச் சாகுபடியை நுணுக்கமாகப் பதிந்திருக்கின்றன. மண்ராசி என்று சொல்லி அவ்வூர்ச் சரக்கு பெற்ற புகழை விளக்கிவிடலாம். ஆனால் அந்த மண்ணே உழைப்பில் உருவானது. தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தைத் தேர்ந்து, புதுமண் ஏற்றி, சாணமும் பிண்ணாக்கும் இட்டு, பலமுறை உழுத பிறகே நாற்று நட்டார்கள்.

அதைவிட முக்கியமானது ஆண் செடிகளைக் களைந்த வேலை. 'போத்தார்' எனப்பட்ட தேர்ச்சியாளர் வயல் முழுவதும் நடந்து, பூ விரியும் முன்பே ஆண் செடிகளை இனங்கண்டு நீக்குவார். ஆங்கிலப் பதிவுகளில் இவருக்குக் 'கஞ்சா டாக்டர்' என்று பெயர். கஞ்சா காற்றில் மகரந்தம் பரப்பும் செடி. மகரந்தம் படிந்தால் பெண் செடியின் ஊட்டம் விதைக்குப் போய்விடும்; படியாவிட்டால் பூங்கதிர் நீண்ட நாள் வளர்ந்து பிசின் சுரக்கும். ஒருவர் வயலில் தப்பிய ஆண் செடி பக்கத்து வயல்களையும் கெடுக்கும் என்பதால், தரம் அங்கே தனி மனிதரின் திறமையாக மட்டும் இருக்கவில்லை. ஊரே சேர்ந்து காத்த பொறுப்பாகவும் இருந்தது. இக்காலத்து வீட்டு வளர்ப்பு நூல்களில் இந்தக் கூட்டுப் பொறுப்பைக் காண்பது அரிது.

அறுவடைக்குப் பின் வேறொரு தொழில் தொடங்கியது. வாடவைத்த கதிர்களைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் தட்டைக் கஞ்சா. காலடியில் உருட்டினால் உருண்டைக் கஞ்சா. காம்பு நீங்கி உதிர்ந்தவை 'சூர்'. ஒரே வயலின் கதிரே கையாளும் முறையைப் பொறுத்து மூன்று சரக்காயிற்று. கலால் துறை சூருக்கு அதிகமும் தட்டைக்குக் குறைவுமாக வரி விதித்தது. எடையில் வீண் காம்பு எவ்வளவு என்பதே அந்தக் கணக்கு. எனக்கு அந்த அளவுகோல் பாதி உண்மையாகவே படுகிறது. இறுக மிதித்த கதிருக்குள் காற்றும் வெளிச்சமும் எளிதில் புகாது. உதிர்ந்த தூளின் பரப்பு முழுவதும் இரண்டுக்கும் திறந்தே கிடக்கும். விற்கும் நாளில் உயர்ந்தது, கிடங்கில் ஓராண்டு கழித்தும் உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

பழைய கஞ்சா வீரியம் இழக்கும் என்பதை அக்காலத்து வணிகரும் அதிகாரிகளும் அறிந்திருந்தார்கள். வேதியியல் காரணம் பின்னால்தான் தெளிந்தது. 1964இல் கவோனியும் மெக்குலமும் டிஎச்சி எனும் முதன்மைப் போதைப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செடியில் அது பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது. சூட்டில் டிஎச்சி ஆகிறது. காற்றும் ஒளியும் பட்டு நாளடைவில் கன்னாபினாலாகச் சிதைகிறது. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் ராஸும் எல்சோலியும் அறை வெப்பநிலையில் வைத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, டிஎச்சி ஓராண்டில் சராசரியாக ஏறத்தாழ 17 விழுக்காடும் நான்காண்டில் 41 விழுக்காடும் குறைந்திருந்தது. மணம் இன்னும் விரைவாகப் போகிறது. அதே இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பச்சை மொட்டிலிருந்து 0.29 விழுக்காடு கிடைத்த எளிதில் ஆவியாகும் எண்ணெய், மூன்று மாதம் உலர்த்தி வைத்தபின் 0.13 விழுக்காடாக இறங்கியது.

விளைநிலத்துக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், பூக்கும் பருவத்தில் அளவோடு நீரை நிறுத்தியபோது டிஎச்சி அமிலச் செறிவு 12 விழுக்காடு கூடியது. ஆனால் அங்கிருந்தே 2021இல் வந்த மற்றோர் ஆய்வில், ஒளியைக் கூட்டக் கூட மகசூல் உயர்ந்ததே தவிரச் செறிவு உயரவில்லை. விளக்குகளுக்குப் பெரும்பணம் செலவிடுவோர் கவனிக்க வேண்டிய முடிவு இது: வெளிச்சம் தருவது எடை. வளர்ப்பில் பெற்ற 12 விழுக்காட்டுக் கூடுதலை ஓராண்டு அலட்சியச் சேமிப்பு முழுவதுமாகத் தின்றுவிடும்.

இன்றைய அளவுகோல்களோ வேறு: கனடாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்கு 4 செடிகள்வரை அனுமதித்து, செடிகளை எண்ணுகிறது. கடைச் சரக்கின் சீட்டோ டிஎச்சி விழுக்காட்டை முன்னிறுத்துகிறது. அறுத்த நாளும் வைத்திருந்த நிலையும் தெரியாத விழுக்காடு தரத்தின் சான்றாகாது. கஞ்சாவின் தரத்தை ஆராய்வோர் மாதிரியின் ரகத்தோடும் ஒளியளவோடும் அறுவடை நாள், உலர்த்திய முறை, சேமித்த வெப்பநிலை, பரிசோதித்த நாள் ஆகிய நான்கையும் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும்.