யாழ்ப்பாணத்தில் முன்பள்ளிப் பாடத்திட்டமிடல்: ஒரு வரலாற்று நோக்கு

முன்பள்ளி ஆசிரியருக்கான கணினிவழிப் பாடத்திட்டமிடல் முறைமையை வடிவமைத்தல் தொழினுட்பவியலாளரின் கருமமாகவே இன்று கருதப்படுகின்றது. ஆயின், பாடத்தின் ஒழுங்கை வகுப்பவர் யார் என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது. அவ்வினா யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புதியதன்று.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலே பாடத்திட்டம் ஆசிரியரின் நினைவில் இருந்தது. ஏடு தொடக்கிய பிள்ளை மணலில் விரலால் எழுதிக் கைபழகிய பின்னரே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வந்தது. பிள்ளையின் வேகத்துக்கேற்ப ஆசிரியர் பாடத்தை நகர்த்தினார். சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். எனினும் இம்முறையை நாம் இலட்சியமயப்படுத்த வேண்டியதில்லை. மனனமும் பிரம்பும் அங்கு கோலோச்சின. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளிற் பெரும்பாலோருக்கும் அத்திண்ணை எட்டாதிருந்தது.

இத்தகைய நடைமுறை எழுத்துவழி முறைமையாகும்போது நேர்வதை அன்ட்றூ பெல்லின் முயற்சி காட்டுகின்றது. சென்னையில் உள்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்ட அவர், அதனையும் மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் வழக்கையும் இணைத்து, 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்திலோ அது பெருந்தொகைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் நடத்தும் பொறியமைப்பாயிற்று.

குடாநாட்டில் 1816 இல் வந்த அமெரிக்க மிசனரிமாரின் பாடசாலைகளும், அவற்றுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் பாடத்தின் ஒழுங்கை அச்சுக்குக் கொணர்ந்தன. நாவலரின் பாலபாடங்கள் படிமுறையாய் அமைந்தவை. எக்கிராமத்துப் பிள்ளையும் ஒரே நூலைப் பெறலாயிற்று. ஆசிரியரோ நூலின் வரிசைக்குக் கட்டுப்பட்டவரானார். 1939 இல் அடையாறுக்கு வந்து பயிற்சியளித்த மரியா மொண்டிசோரி, பிள்ளையை அவதானித்த பின்னரே அடுத்த செயலைத் தெரிதல் வேண்டுமென வற்புறுத்தியமை, இழந்த நெகிழ்ச்சியை அறிவியல் அடிப்படையில் மீட்கும் முயற்சி எனலாம்.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்பின் முன்பள்ளிகள் மாகாணசபைகளின் அதிகாரத்துள் வந்தன. குடாநாட்டிற் சனசமூக நிலையங்களும் ஆலயங்களும் நடத்தும் முன்பள்ளிகளிற் கற்பிப்போர் பெரும்பாலும் பெண்கள். அரச ஆசிரியருக்குரிய சம்பளமின்றிச் சிறு கொடுப்பனவில் உழைப்போர். பகலிற் கற்பித்து, வீட்டுவேலை முடித்து, இரவிற் பாடக்குறிப்பு எழுதும் அவர்களின் நேரம் எக்கணக்கிலும் சேர்வதில்லை.

எனவே, முறைமையின் முதற்பணி அந்நேரத்தைக் குறைத்தலே. ஆசிரியை தன் கைத்தொலைபேசியில், தமிழில், இணையத் தொடர்பின்றியும் அதனைக் கையாள இயலவேண்டும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஏடுகளையும் பதிவுகளையும் கைவிட்டுச் சென்ற சமூகத்துக்கு, 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டைக் கண்ட நாட்டுக்கு, இது மிகையான கோரிக்கையன்று. மழைநாளில் முற்றத்து விளையாட்டைக் கதையாக மாற்றவும், பிள்ளையிடம் அவதானித்ததைக் குறித்து மறுநாட் பாடத்தைத் திருத்தவும் அவருக்கு உரிமை வேண்டும்.

மாறாக, மேலிருந்து வரும் படிவத்தை நிரப்புவிக்கும் கண்காணிப்பேடாக அது அமையின், சம்பளமற்ற உழைப்பு மேலும் பெருகும். கருவி எதுவாயினும், பிள்ளையை நாள்தோறும் காண்பவரே பாடத்தின் ஒழுங்கைத் தீர்மானித்தல் வேண்டும். அவ்வுழைப்புக்குரிய ஊதியத்தையும் பெறுதல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்து நோக்கும் எந்த வடிவமைப்பும் குறையுடையதே என்பது எமது முடிபு.